செப்டிக் டேங்க் கழிவு: கடலோர வீடுகளும் விடுதிகளும் அறிய வேண்டிய விதிகள்

ராமேசுவரம் தீவில் மணலைக் கையால் தோண்டினாலே பல இடங்களில் ஊற்று சுரக்கும். பெண்கள் குழிக்குள் குனிந்து, சிரட்டையால் மோந்து குடத்தை நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. அதுதான் அந்த நல்ல தண்ணீர். அதே மணலில்தான் கழிவறைக்கும் சிமென்ட் வளையங்களை, அதாவது உறையை, இறக்குகிறோம்.

அடியில் தளம் போடாத உறையைச் செப்டிக் டேங்க் என்று சொல்லிக்கொள்வது பெருந்தவறு. செப்டிக் டேங்க் என்பது அடியும் பக்கமும் பூசிய, நீர் கசியாத தொட்டி. முதல் அறையில் கசடு அடியில் தங்கும். தெளிந்த நீர் மட்டும் அடுத்த அறை வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகும். அந்த நீரிலும் கிருமிகள் உண்டு. அதனால்தான் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 'எங்கள் தொட்டி பத்து வருடமாக நிரம்பவே இல்லை' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. நிரம்பாத தொட்டி எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். பக்கத்து வீட்டு ஊற்றில்கூட இருக்கலாம்.

இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும். தமிழக அரசு 2014-இல் வெளியிட்ட கசடுக் கழிவு மேலாண்மை வழிகாட்டுதல்கள் இதற்கான நடைமுறையைச் சொல்கின்றன. 2022-இல் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் திருத்தப்பட்டது. நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் உரிமம் பெற்ற லாரிதான் கழிவை எடுக்கலாம். அனுமதித்த சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும். ராமேசுவரம், கீழக்கரை நகராட்சிகளுக்கும் மண்டபம் பேரூராட்சிக்கும் இது பொருந்தும். பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊராட்சிகளில் இருப்பவர்கள் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். லாரிக்காரரிடம் வாடகையை மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், எங்கே கொட்டப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள், ரசீது வாங்கி வையுங்கள். நகர்ப்புறங்களில் 14420 என்ற எண்ணில் லாரியும் கேட்கலாம், புகாரும் தரலாம்.

இருட்டில் கண்மாயிலோ கடலிலோ கொட்டுவது குற்றம். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் கடல் நீரையும் சேர்த்தே காக்கிறது. 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விடுவதைத் தடை செய்கிறது. நம் கடல் சாதாரணக் கடல் அல்ல. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் இங்கேதான் தொடங்குகின்றன. கழிவின் சத்தில் பாசி கொழுத்தால் பவளப்பாறை மூச்சுமுட்டிச் சாகும். அதை நம்பி வாழும் மீனும் குறையும். ஆடி, தை அமாவாசைக் கூட்டத்தில் விடுதித் தொட்டிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். விடுதி நடத்துபவர்கள் அதற்கு முன்பே லாரிக்குச் சொல்லிவிட வேண்டும்.

மிக முக்கியமானது ஒன்று. அடைப்பு எடுக்க ஆளை உள்ளே இறக்காதீர்கள். மூடிய தொட்டியில் தேங்கும் விஷவாயு ஓரிரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்றக் குதித்தவரும் திரும்புவதில்லை. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை, மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். 'அவரே சம்மதித்துத்தான் இறங்கினார்' என்பது பதில் ஆகாது.

இப்படி உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது. யாராவது இப்படி ஒருவரை இழந்திருந்தால், கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடாமல், முதல் தகவல் அறிக்கையின் நகலோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.