ஆர்கேட் பெசல் வெளிச்சமும் பாழாகும் டிவி பேனல்களும்

என்னிடம் பழுதுபார்க்க மறுபடியும் ஒரு ஓஎல்இடி டிவி (ஒவ்வொரு பிக்சலும், அதாவது புள்ளியும், தானே ஒளிவிடும் வகை) வந்திருக்கிறது, இந்த முறை கீழக்கரையிலிருந்து. வளைகுடாவில் வேலை பார்ப்பவர் வீட்டுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தது. வெள்ளைப் படம் போட்டுப் பார்த்தால் நடுவில் நெட்டுக்குத்தலாக ஒரு கட்டம் பளிச்சென்று இருக்கிறது. இரண்டு பக்கமும் மங்கிப் பழுப்பேறிக் கிடக்கிறது. அந்த மங்கலுக்குள் ஆர்கேட் விளையாட்டின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கவே முடிகிறது. லீவு முழுக்க எமுலேட்டரில் (பழைய ஆர்கேட் விளையாட்டுகளை ஓடவைக்கும் மென்பொருள்) ஆடியிருக்கிறார்கள், விளையாட்டைச் சுற்றிச் சட்டம் போல நிற்கும் பெசல் படத்தை முழு வெளிச்சத்தில் வைத்து. “அப்டேட் போட்டா சரியாயிடுமா காக்கா?” என்று கேட்கிறான் பையன். ஆகாது தம்பி. அந்த இடத்துப் பிக்சல்கள் தேய்ந்துவிட்டன.

தொண்டியிலிருந்து மண்டபம் வரை உப்புக்காற்றில் பச்சை பூத்து வரும் போர்டுகளைப் பார்த்துப் பழகியவன் நான். அதற்குக் கடலைத்தான் சொல்ல முடியும். இது வெளிச்ச செட்டிங்கைத் தப்பாக வைத்ததால் வந்த சேதம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெசல் ஜொலித்தால்தான் ஒரிஜினல் மாதிரி இருக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். உண்மையான ஆர்கேட் பெட்டியில் பெசல் என்பது பிக்சர் டியூபைச் சுற்றி நிற்கும் அட்டையோ, அச்சடித்த கண்ணாடியோதான். பெரும்பாலான பெட்டிகளில் அதற்குத் தனி விளக்கு கிடையாது. உள்ளே டியூப்லைட் போட்டு எரியவிட்டது மேலே இருக்கும் பெயர்ப்பலகையை. பெசல்மீது விழுந்தது பிக்சர் டியூபின் வெளிச்சமும் கடை வெளிச்சமும்தான். ஆக, மங்கலான பெசல்தான் அசலுக்குக் கிட்டத்தில் வரும்.

1980-இல் வந்த பேக்-மேன் மாதிரி நெட்டுக்குத்தல் விளையாட்டை 16:9 டிவியில் போட்டால், அது அகலத்தில் 42 சதவீதத்தைத்தான் பிடிக்கும். மீதி 58 சதவீதமும் அசையாத பெசல். பாதிக்கு மேல் பேனல் மணிக்கணக்கில் ஒரே படத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

இனி பிரைட்னஸ் விஷயம். பெசல் கண்ணைக் கூசினால் டிவி வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள். விளையாட்டும் சேர்ந்து மங்குகிறது. உடனே மேம் (MAME) என்ற எமுலேட்டரில் டேப் (Tab) விசையை அழுத்தி, ஸ்லைடரில் பிரைட்னஸை ஏற்றுகிறார்கள். விளையாட்டின் கறுப்பு சாம்பலாகி வெளுக்கிறது. இன்னொரு கூட்டம் பெசல் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று அதே ஸ்லைடரை இறக்குகிறது. விளையாட்டு இருண்டு போகிறது, பெசல் அப்படியே நிற்கிறது. சரி என்று டிவியை நூறுக்கு ஏற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்: அந்த ஸ்லைடர் விளையாட்டுத் திரையை மட்டும்தான் தொடும், பெசல் படத்தைத் தொடவே தொடாது. டிவி ரிமோட்டோ இரண்டையும் சேர்த்தே மாற்றும். பெசலை மட்டும் குறைக்க வேண்டுமானால் பெசலிடம்தான் போக வேண்டும்.

மேமில் ஆர்ட்வொர்க் ஃபோல்டரில் இருக்கும் லே ஃபைலை (.lay, எந்தப் படம் எங்கே நிற்கும் என்று சொல்லும் ஃபைல்) திறந்து, பெசலைக் குறிக்கும் பகுதிக்குள் இடத்தையும் அளவையும் சொல்லும் பவுண்ட்ஸ் (bounds) வரியோடு ஒரு கலர் (color) வரி சேருங்கள். ரெட், கிரீன், புளூ மூன்றுக்கும் 0.4 கொடுத்துப் பாருங்கள். 1 என்றால் முழு வெளிச்சம். ஃபைலைத் தொடப் பயமாக இருந்தால் பெசலின் பிஎன்ஜி படத்தை ஜிம்ப் (GIMP) என்ற படத் திருத்த மென்பொருளில் இருட்டாக்கிச் சேமிக்கலாம். பிஎன்ஜியாகவே சேமியுங்கள். ஜேபெக் ஆக்கினால் நடுவில் இருக்கும் ஒளிபுகும் ஓட்டை அடைபட்டு விளையாட்டே தெரியாமல் போகும். எதைத் தொடுவதற்கு முன்னும் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். விளையாட்டு ஓடவைக்கும் இன்னொரு மென்பொருளான ரெட்ரோஆர்ச்சில் வேலை இன்னும் சுலபம்: ஓவர்லே ஒபாசிட்டியை (மேலே போட்ட பெசல் படம் எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்ற அளவு) குறைத்தால் போதும், பின்னால் இருக்கும் கறுப்பு தெரிந்து பெசல் அடங்கிவிடும்.

எல்சிடி வைத்திருப்பவர்களுக்குப் படம் பதியும் பயம் குறைவு. ஆனால் பேனலுக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டை எப்போதும் நூறில் வைத்தால் உள்ளே எல்இடி ஸ்ட்ரிப் சீக்கிரம் போகும். மத்தியான வெயில் கூசினால் முதலில் ஜன்னலைச் சாத்துங்கள்.

ஓஎல்இடி வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் ஸ்விட்சையும் அணைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. பேனல் தன்னைத்தானே சரிசெய்துகொள்வது ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான். இடி மின்னல் இல்லாத நாளில் அந்த ஸ்விட்சைத் தொடாமல் விடுங்கள்.