பாடிப் பாடித் தொண்டை உரமேறாது

“பாடப் பாடத் தொண்டை பழகிவிடும் எண்டு சேர் சொன்னவர்.” குரல் கரகரத்த பிள்ளையை எங்கள் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்குக் கூட்டிவரும் பெற்றோரிடம் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. டிசம்பர் கரோல் முடிந்து தை பிறந்ததும் ஒரு கூட்டம் வரும். தமிழ் மொழித் தினப் போட்டிக்குக் குழு இசை பழகும் மாதங்களில் இன்னொரு கூட்டம். இடையில் அறநெறிப் பாடசாலை விழா, பங்குத் திருவிழா, பரிசளிப்பு விழா. கொட்டாஞ்சேனையில் இருந்து வந்தாலும் வெள்ளவத்தையில் இருந்து வந்தாலும் கதை ஒன்றுதான். இரண்டு மாதமாகக் குரல் அடைப்பு, காய்ச்சல் தடிமன் ஒன்றும் இல்லை, கிழமைக்கு மூன்று நாள் பிராக்டிஸ்.

பாடசாலையிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் பாடகர் குழு நடத்தும் ஆசிரியர்களே, இது உங்களுக்கு. உங்களில் பலர் சம்பளம் வாங்காமல், வேலை முடிந்த களைப்போடு இதைச் செய்கிறீர்கள். பிள்ளைகளுக்கு இசையைக் கொடுப்பவர்களும் நீங்கள்தான். அதனால்தான் உங்களிடமே சொல்ல வேண்டியிருக்கிறது.

மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு ஏறினால் நல்லது, தோல் தடித்துக் கை நோகாது. தொண்டைக்குள் அதிர்ந்து குரல் எழுப்பும் இரண்டு மடிப்புகளான குரல்நாண்களில் காய்ப்பு ஏறினால் அதுவே நோய். குரல்நாண் முடிச்சு என்று நாங்கள் சொல்வது அதைத்தான். குரல்நாணின் மேலுறை ஈரமாகவும் மெத்தென்றும் இருந்தால்தான் அது அதிரும், தடித்தால் அதிராது. கீபோட்டில் நடு சிக்கு மேலே இருக்கும் ஏ சுரத்தைப் பிள்ளை பிடித்தால் இரண்டு நாண்களும் விநாடிக்கு 440 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. பத்து விநாடி இழுத்தால் 4,400 தடவை. மெதுவாகப் பாடும்போதும் எண்ணிக்கை இதேதான், ஆனால் தொட்டுத் தொட்டு விலகும். கத்தும்போது அறைகிறது. அறை விழும் இடமும் எப்போதும் ஒன்றே: நாணின் முன் மூன்றில் ஒரு பங்கு முடிகிற புள்ளி. இரண்டு பக்கமும் நேர் எதிரே வீங்கும். வீங்கிய நாண்கள் முழுதாக மூடாமல் காற்று ஒழுகும், குரல் மெலியும். குரல் மெலிந்ததைக் கேட்ட ஆசிரியர் “சத்தமாப் பாடு” என்கிறார். பிள்ளை இன்னும் தள்ளுகிறது, வீக்கம் இன்னும் ஏறுகிறது.

பிறகு நடப்பதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. இரண்டு மூன்று கிழமையில் பிள்ளை கழுத்துத் தசையை இறுக்கி, அந்த வீக்கத்தையும் மீறிச் சத்தம் எடுக்கப் பழகிவிடும். பெரிய சத்தம் திரும்பி வருகிறது. “பார்த்தீங்களா, பழகிட்டுது” என்கிறார்கள். பழகியது கழுத்துத்தான், குரல்நாண் அல்ல. மெல்லிய குரல், முக்கியமாக மேல் சுரத்தில் மெல்லிய குரல், அதற்குள் போய்விட்டிருக்கும்.

வளர்ந்த ஆணின் குரல்நாண் ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீற்றர் நீளம். ஒன்பது வயதுப் பிள்ளையினது அதைவிட மிகவும் குட்டை, அதன் உள் அடுக்குகள் பதின்ம வயது வரை முழுதாக உருவாவதும் இல்லை. உங்கள் தொண்டை தாங்கியதைப் பிள்ளையின் தொண்டையும் தாங்கும் என்று எண்ணாதீர்கள். பெரிய வித்துவான்களின் விடியற்காலைச் சாதகத்தை (பாட்டுப் பயிற்சியை) உதாரணம் காட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சாதகம் கீழ்ஸ்தாயியில், அடக்கமான குரலில், ஆளுக்கு ஏற்ற சுருதியில் நடப்பது. நாற்பது பிள்ளைகள் மின்விசிறிச் சத்தத்தை மீறி ஒரே கட்டையில் (சுருதி அளவில்) கத்துவது சாதகம் ஆகாது.

வீக்கத்தைப் பிடிக்க உங்களுக்கு மருத்துவக் கருவி எதுவும் தேவையில்லை. பிராக்டிஸ் தொடங்கமுன் பிள்ளைக்குத் தெரிந்த பாட்டொன்றின் முதல் வரியை, மேல் சுருதியில், தூங்கும் குழந்தை எழும்பாத அளவு மெதுவாகப் பாடச் சொல்லுங்கள். நல்ல நாண் உடனே ஒலிக்கும். வீங்கிய நாண் முதலில் வெறும் காற்றைவிட்டு, ஒரு கணம் கழித்துத்தான் ஒலிக்கும், அல்லது மேல் சுரத்தில் ஒலியே வராது. அதே வரியைச் சத்தமாகப் பாடினால் ஒழுங்காக வரும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அடையாளம். மறுநாளும் அப்படியே இருந்தால் அந்தப் பிள்ளையைப் பாடவிடாதீர்கள்.

அடுத்தது சுருதி. கிளினிக்குக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேரின் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியை தனக்குப் பழகிய ஐந்து கட்டையிலேயே பிள்ளைகளையும் பாடவைப்பார். ஐந்து கட்டையில் ஷட்ஜம், அதாவது ஆதார ஸ, நடு சிக்குக் கீழே இருக்கும் ஜி. வளர்ந்த பெண்ணுக்கு அது சுகம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த ஸவும் ரியும் தரையில் கிடக்கின்றன, உறுமித்தான் எடுக்க வேண்டும். கேட்கவில்லை என்று ஆசிரியை அதட்டினால் பிள்ளை தொண்டையை நெரிக்கிறது. பாட்டு ஷட்ஜத்தில் இருந்து மேல் ஷட்ஜம் வரைக்கும்தான் போகிறது என்றால் நடு சியையோ அதற்கு அடுத்த டியையோ ஷட்ஜமாக வையுங்கள், ஒரு கட்டை அல்லது இரண்டு கட்டை. பத்து வயதுக்குக் கீழே நடு சிக்கும் மேல் டிக்கும் இடைப்பட்ட ஒன்பது சுரங்கள் போதும். மந்தர பஞ்சமத்தில் (கீழ் ப) இருந்து மேல் காந்தாரம் (மேல் க) வரை ஓடும் பாட்டைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் கீழ் வரிகளைப் பெரியவர்களிடம் விடுங்கள்.

கரோலிலும் ஞானப்பாட்டிலும் ஆபத்து எதிர்ப்பக்கம். மேல் ஈ, எஃப் வரை ஏறும் இடத்தில், கீழே பேசும் அதே தடித்த குரலைப் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். நாடி மேலே தூக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், தோள் ஏறும். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலே நிறுத்துங்கள். கீபோட்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் எதற்கு இருக்கிறது? இரண்டு அரைச்சுரம் (கறுப்பையும் சேர்த்து எண்ணினால் இரண்டு கீ) இறக்கிவிட்டு, மேல் சுரங்களை “ஊ” என்று மெலிதாக எடுக்கப் பழக்குங்கள். அப்படி எடுத்த மெல்லிய குரலை மேலிருந்து கீழே கொண்டுவரப் பழக்க வேண்டும், கீழ்க் குரலை மேலே தள்ளக்கூடாது.

இனி 12, 13 வயதுப் பையன்கள். ஒரு சேர் “குரல் உடைஞ்சிட்டுது, இனிப் பாடாதே” என்கிறார். இன்னொருவர் பழைய இடத்திலேயே பாடச் சொல்லிக் கழுத்தை நெரிக்கிறார். இரண்டுமே பிழை. அமெரிக்க இசைக் கல்வியாளர் ஜோன் குக்ஸி, மாறும் குரலுக்குப் படிகள் இருக்கின்றன, ஒவ்வொரு படியிலும் பாடக்கூடிய எல்லை ஒன்று இருக்கிறது என்று 1970களின் பிற்பகுதியிலேயே வகுத்து எழுதிவிட்டார். பிள்ளையை 20இல் இருந்து பின்னோக்கி, சாதாரணமாகப் பேசும் குரலில் எண்ணச் சொல்லுங்கள். அந்தப் பேச்சு எந்தச் சுரத்தில் இருக்கிறது என்று கீபோட்டில் தேடிப் பிடியுங்கள். அவன் சுகமாகப் பாடக்கூடிய அடிச் சுரம் அதற்கு மூன்று நான்கு அரைச்சுரம் கீழே இருக்கும். அங்கிருந்து ஐந்து ஆறு சுரத்துக்குள் அடங்கும் ஒரு தனிப் பகுதியை அவனுக்கு எழுதிக் கொடுங்கள், பாட்டின் ஆதார சுரங்களை மட்டும் பிடிக்கிற பகுதி என்றாலும் போதும். ஆறு கிழமைக்கு ஒரு தடவை திரும்பவும் எண்ணவைத்துப் பாருங்கள், சுரம் இறங்கியிருக்கும். குரல் வழுக்கினால் மற்றப் பிள்ளைகளைச் சிரிக்கவிடாதீர்கள். அந்தச் சிரிப்போடு பாட்டையே விட்டுவிட்ட பையன்கள் நிறையப் பேர்.

பெண்பிள்ளைகளின் குரலும் மாறும். ஒரு ஸ்தாயி விழாது, இரண்டு மூன்று சுரம்தான் இறங்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. 11 முதல் 14 வயதுக்குள் குரலில் காற்று கலந்து, இடையில் ஒரு பிசிறு வரும். அது சோம்பலும் அல்ல, பயிற்சிக் குறைவும் அல்ல. பின்பக்கம் நாண் முழுதாக மூடாத காலம் அது. “வயித்தில இருந்து பாடு பிள்ளை” என்று அதட்டி அதைச் சரிக்கட்ட முடியாது, வளர்ச்சி முடியும்போது தானாகச் சரிவரும்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். தன் குரல் தன் காதுக்குக் கேட்காவிட்டால் மனிதர் எவரும் தெரியாமலே கத்துவார்கள். கீபோட் ஸ்பீக்கர் முன்வரிசைப் பிள்ளையின் காதடியில், மேலே நான்கு மின்விசிறி, திறந்த ஜன்னலால் காலி வீதி வாகனச் சத்தம். இதற்குள் “இன்னும் சத்தம்” என்று கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? ஸ்பீக்கரைத் தள்ளி வையுங்கள், கீபோட்டைப் பாதியாகக் குறையுங்கள். பிள்ளைகளைத் தோளோடு தோள் ஒட்டி நிறுத்தாமல், ஆளுக்கு ஆள் ஒரு தோள் அகலம் இடைவெளி விடுங்கள். இடம் போதாவிட்டால் வரிசையைக் கூட்டுங்கள். மண்டபம் பெரிதென்றால் அதற்கு மைக் இருக்கிறது. ராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தையோ சரஸ்வதி மண்டபத்தையோ வெறும் தொண்டையால் நிரப்பும் கடமை பத்து வயதுப் பிள்ளைக்குக் கிடையாது. வீடு வீடாகக் கரோல் போகும்போதும் வீதியில் பாடவிடாதீர்கள். முற்றத்துக்குள் போய்ப் பாடட்டும், இரண்டு பாட்டோடு நிறுத்தட்டும்.

நேரக் கணக்கு: சின்னவர்களுக்கு மொத்தம் 45 நிமிடம், அதில் தொடர்ந்து பாடுவது 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பெரியவர்களுக்கு ஒன்றரை மணி, நடுவில் பத்து நிமிட ஓய்வு. அந்த ஓய்வில் மைதானத்தில் கத்தி விளையாடினால் அது ஓய்வாகாது. பாடமுன் ஐந்து நிமிடம் ஸ்ட்ரோ பயிற்சி: பாதி நிரம்பிய தண்ணீர்ப் போத்தலில் ஸ்ட்ரோவை இரண்டு சென்ரிமீற்றர் அமிழ்த்தி, குமிழி வரும்படி “ஊ” என்று கீழிருந்து மேலே சறுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு போத்தல், ஒரு ஸ்ட்ரோ. நிகழ்ச்சி மாலையில் என்றால் அன்று காலை முழுக்குரல் ஒத்திகை வைக்காதீர்கள். அரைக்குரலில், மேல் சுரங்களை ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடி, நிற்கிற இடத்தையும் நுழைகிற இடத்தையும் மட்டும் பார்த்தால் போதும்.

கைமருந்துகள். கற்கண்டு, மிளகு, இஞ்சி, தேன் எதுவும் குரல்நாணில் படுவதில்லை, அவை போவது உணவுக்குழாயால். தொண்டைக்கு இதமாக இருந்தால் சாப்பிடட்டும், ஆனால் அதைக் கொடுத்துவிட்டுப் பாடவைக்காதீர்கள். மரக்கச்செய்யும் தொண்டை மாத்திரை வேண்டவே வேண்டாம், அது எச்சரிக்கும் நோவை மறைத்துவிடும். கொதிநீர்ச் சட்டிக்கு மேல் பிள்ளையைக் குனியவைத்து ஆவி பிடிக்காதீர்கள், வெந்துபோகும். தண்ணீரை அன்று முழுக்கக் குடிக்க வேண்டும், மேடை ஏறமுன் ஒரு போத்தல் குடித்து வேலையில்லை. குசுகுசுப்பது ஓய்வல்ல, செருமுவதும் அடி.

காய்ச்சலோடு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்புங்கள், எவ்வளவு முக்கியமான தனிப்பாட்டு என்றாலும். கொழும்பில் டெங்கு எப்போதும் உண்டு. நிகழ்ச்சிக்காகக் காய்ச்சலை அடக்க அஸ்பிரினோ இபுபுரோஃபனோ கொடுத்தால் இரத்தக் கசிவில் போய் முடியலாம். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவில் பரசிற்றமோல் மட்டும்.

உங்கள் தொண்டையையும் கவனியுங்கள். பகலில் வகுப்பு, பின்னேரம் ரியூசன், இரவில் குவயர். பிள்ளைகள் பாடும்போது கூடவே பாடாதீர்கள், பாடினால் அவர்களின் குரல் உங்களுக்குக் கேட்காது. அமைதிப்படுத்தக் கைதட்டல் ஒன்றைப் பழக்கி வையுங்கள். இடுப்பில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு கெஞ்சல். குரல் அடைத்த பிள்ளையை வரிசையில் இருந்து வெளியே நிறுத்தாதீர்கள். இடம் பறிபோகும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் அடைப்பை மறைக்கிறார்கள். தாளம் போடவிடுங்கள், சுருதிப்பெட்டியைக் கொடுங்கள், மற்றவர்கள் பாடும்போது உதட்டை மட்டும் அசைக்கட்டும். தனிப்பாட்டுக்கு எப்போதும் இரண்டு பிள்ளைகளைப் பழக்குங்கள், அப்போது யாரையும் வற்புறுத்த வேண்டி வராது. மூன்று கிழமை தாண்டியும் அடைப்பு இருந்தால் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும், பெரியவர்களுக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. மூச்சு விடும்போது சத்தம் கேட்டாலோ, சின்னப் பிள்ளையின் குரல் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போனாலோ மூன்று கிழமை காத்திருக்க வேண்டாம், அது முடிச்சாக இல்லாமல் வேறு வளர்ச்சியாகவும் இருக்கலாம். மெல்லிய கமெராவை மூக்கால் விட்டுப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை. பிள்ளைகளின் முடிச்சுக்குப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, குரல் பயிற்சிதான் முதல் சிகிச்சை. அனுப்பும்போது ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: எந்தச் சுருதியில் பாடுகிறது, கிழமைக்கு எத்தனை மணி, எப்போதிருந்து அடைப்பு. அந்தத் துண்டு எங்களுக்கு மிகவும் உதவும்.