நடந்ததை வரையச் சொல்லாதீர்கள்

நீலகிரியில் ஓவியத்தையும் உடல் அசைவையும் வைத்து மனக்காயத்துக்குச் சிகிச்சை செய்பவள் நான். பந்தலூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து போன வாரம் ஒரு பையனை என்னிடம் கூட்டிவந்தார்கள். நான்காம் வகுப்பு படிக்கிறான். சில மாதங்களுக்கு முன் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிய அவன் அப்பாவை, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பின்னால் நின்ற யானை அடித்துக் கொன்றுவிட்டது. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பையன் மெல்ல மெல்லத் தேறிப் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தான். அந்த நேரம் பார்த்து அங்கே ஒரு நாள் 'கலைவழிச் சிகிச்சை' முகாம் நடந்தது. கையில் கிரேயானைக் கொடுத்து, "அன்னைக்கு என்ன நடந்துச்சோ அதை அப்படியே வரைப்பா, மனசுல இருக்கிறதெல்லாம் வெளிய வந்துடும்" என்றிருக்கிறார்கள். வரைந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அன்று இரவிலிருந்து படுக்கையை நனைக்கிறான். கழிப்பறைக்குத் தனியாகப் போக மறுக்கிறான். புத்தகப் பையைத் தொட்டாலே வாந்தி.

இது முதல் முறை என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் யானை அடித்து ஆட்கள் இறந்த பிறகும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண்சரிவுகளுக்குப் பிறகும், 2024 ஜூலையில் எல்லைக்கு அந்தப்புறம் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் சொந்தங்களைப் பறிகொடுத்த குடும்பங்களிலும் இதையேதான் பார்க்கிறேன். உதவ வருகிறவர்களின் நல்ல மனதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் நம்பும் ஒரு விஷயம்தான் தவறு.

உள்ளே அடைத்துவைத்திருப்பதை வெளியே கொட்டிவிட்டால் ஆள் சரியாகிவிடுவார் என்பதுதான் அது. துக்க வீட்டில் "அழுது தீர்த்துடும்மா" என்று சொல்லிப் பழகியதால் நமக்கு இது இயல்பாகவே படுகிறது. ஆனால் துக்கம் வேறு, மன அதிர்ச்சி வேறு. துக்கத்தில் இருப்பவருக்கு நடந்தது நடந்து முடிந்துவிட்டது என்று தெரியும். அதிர்ச்சியில் உறைந்தவரின் உடம்புக்கு அது இன்னும் முடியவில்லை. அந்த நினைவு ஒரு கதையாக வருவதில்லை. ஈரமண் வாசனையாக, மரம் முறியும் சத்தமாக, நெஞ்சுப் படபடப்பாக, இப்போதுதான் நடப்பதுபோல வருகிறது. அந்த நிலையில் இருக்கும் குழந்தையிடம் "நடந்ததை வரை" என்றால், அவனைத் திரும்ப அந்த லைன் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம். தாளில் வந்துவிட்டதால் உள்ளிருந்து அது போய்விடாது. இன்னும் ஒரு முறை அழுத்தமாகப் பதிகிறது, அவ்வளவுதான்.

"அந்தப் பையன் தேம்பித் தேம்பி அழுதான் மேடம், நல்ல பலன்" என்று முகாம் நடத்தியவர் என்னிடம் ஃபோனில் சொன்னார். அழுகையைப் பலன் என்று எண்ணாதீர்கள். தயவுசெய்து எண்ணாதீர்கள். பேரிடர் முடிந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பரவலாக இருந்தது. பின்னால் ஆய்வு செய்து பார்த்தபோது அது பெரிதாக உதவவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது என்று தெரிந்தது. அப்படிச் செய்யாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பேச்சில் வேண்டாம் என்று கைவிட்டதைக் கிரேயான் கொடுத்துச் செய்தால் மட்டும் எப்படிச் சரியாகும்?

சரி, அப்படியானால் ஓவியமும் அசைவும் எதற்கு? 2009 நவம்பர் மழையில் இந்த மலையில் 40க்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் இறந்தார்கள். அதில் தங்கையை இழந்த ஓர் அக்கா, கொழுந்து பறிப்பவர், பல வருடம் கழித்து என்னிடம் வந்தார். "மழைச் சத்தம் கேட்டா கால் இருக்கிற இடமே தெரியல மேடம்" என்றார். அவரிடம் தங்கையைப் பற்றி நான் கேட்கவில்லை. காலிலிருந்து தொடங்கினோம். நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தரையில் அழுத்துவது. இரண்டு உள்ளங்கையாலும் சுவரைத் தள்ளுவது. நின்று எடையை இடக்காலுக்கும் வலக்காலுக்கும் மாற்றுவது. அப்புறம் அவருக்குக் கைவந்த அசைவு, கொழுந்து கிள்ளும் அசைவு. அதை வேகமாக, மெதுவாக, நடுவில் சட்டென்று நிறுத்தி, மறுபடி. வேகம் எவ்வளவு, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு. சரிவு வந்த இரவில் அவர் கையில் எதுவுமே இல்லை. இங்கே எல்லாம் அவர் கையில் இருந்தது. சிகிச்சை நடந்தது அந்த இடத்தில்தான். சில வாரங்கள் போனபின் அவராகவே ஒரு படம் வரைந்தார். இப்போது குடியிருக்கும் வீடு, கதவு, ரோட்டுக்குப் போகும் படி. தங்கையைப் பற்றிப் பேசியது இன்னும் வெகுநாள் கழித்து, அவராகத்தான்.

அசைவுச் சிகிச்சையின் தொடக்கமும் இப்படித்தான் இருந்தது. 1942இல் வாஷிங்டனில் புனித எலிசபெத் மனநல மருத்துவமனையில் மரியன் சேஸ் என்ற நடனக்காரர் நோயாளிகளோடு வேலை செய்யத் தொடங்கினார். போரிலிருந்து திரும்பிய வீரர்களும் அவர்களில் இருந்தார்கள். யாருக்கும் அவர் நடனம் கற்றுக்கொடுக்கவில்லை. வட்டமாக நிற்கவைத்து, அவர்களிடமிருந்து வரும் சின்ன அசைவைத் தன் உடம்பில் வாங்கித் திருப்பிக் காட்டினார். வட்டமும் தாளமும் நம் மலைக்குப் புதிதில்லை. படகர் வீட்டு விசேஷத்திலும் பணியர் பழங்குடியினரின் ஆட்டத்திலும் அதுதானே இருக்கிறது? வெளியூரிலிருந்து எதையும் மூட்டை கட்டிக் கொண்டுவர வேண்டியதில்லை.

மூட்டை என்றதும் நினைவு வருகிறது. ஒரு குழு இங்கே ஒரு பள்ளிக்குப் பெரிய பெரிய டிரம்களோடு வந்தது. அடிக்க ஆரம்பித்ததும் இரண்டு பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார்கள். இந்த வட்டாரத்தில் ராத்திரி தகரம் தட்டுவதும் பட்டாசு வெடிப்பதும் யானை வந்திருக்கிறது என்பதற்கான சத்தம். வருவதற்கு முன் ஒரு டீச்சரிடம் கேட்டிருந்தால் போதும்.

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். மனக்காயத்துக்கு இன்று வலுவான ஆய்வு ஆதாரம் உள்ளவை அதற்கென்றே வடிவமைத்த பேச்சுச் சிகிச்சைகளும், கண் அசைவோடு செய்யும் இஎம்டிஆரும்தான். ஓவியம், இசை, அசைவு பற்றிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் பெரும்பாலும் சிறியவை. வாயைத் திறக்க முடியாதவருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இவை கதவைத் திறந்துகொடுக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டு வண்ணம் தீட்டச் சொல்பவரிடமிருந்து விலகி வந்துவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு: கலர், களிமண், பாட்டு எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். தலைப்புக் கொடுக்காதீர்கள். பிள்ளை வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். கண்ணை மூடச் சொல்லாதீர்கள், பலருக்கு மூடினால்தான் படம் வரும். கறுப்பு பூசினால் மன அழுத்தம், கதவில்லாத வீடு வரைந்தால் பயம் என்றெல்லாம் ஜோசியம் பார்க்காதீர்கள். கறுப்பு கிரேயான் மட்டும் முனை உடையாமல் இருந்திருக்கலாம். மார்க், பரிசு, கைதட்டல் எதுவும் வேண்டாம். படத்தை ஃபோனில் எடுத்து அனுப்பவே கூடாது. சிகிச்சையில் இருப்பவரின் புகைப்படத்தையோ தகவலையோ சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. முகாமில் வரைந்த குழந்தைக்கு மட்டும் அந்த மரியாதை இல்லையா?

வீட்டாருக்கு: முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் பெரும்பாலோருக்கு வரும், தானாகவே குறையும். கூட இருங்கள், நேரத்துக்குச் சோறு கொடுங்கள், திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தாலோ, இடையிலேயே நிலைமை மோசமானாலோ, உயிரை விடுவது பற்றிப் பேசினாலோ காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

முகாம் நடத்துபவர்களுக்கு: எங்கே பயிற்சி எடுத்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். மலையேறும் முன் இன்னொரு கேள்விக்கும் பதில் வைத்திருங்கள்: நீங்கள் கிளம்பிப் போனபின், அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் இந்தப் பிள்ளையோடு உட்காரப்போவது யார்? அந்த ஆளின் பெயர் உங்களிடம் இல்லையென்றால் வேறு வேலை இருக்கிறது. ஒரு பந்து கொண்டுவாருங்கள், பிள்ளைகளோடு விளையாடிவிட்டுப் போங்கள்.