உழவர் சந்தை அட்டை: செடி காட்டில் நிற்கும்போதே கேளுங்கள்

மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் காலையில் உழவர் சந்தைப் பக்கம் போனால், உள்ளே சில கடைகள் காலியாகக் கிடக்கும். கேட்டுக்கு வெளியே சாக்கை விரித்து, வெண்டையும் வெள்ளரிப்பிஞ்சும் வைத்துக்கொண்டு தோட்டக்காரர்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். ஏன் வெளியே என்று கேட்டால், அட்டை இல்லை என்பார்கள். எழுதிக் கொடுத்தாயிற்று, இன்னும் வரவில்லை என்பார்கள். வரும்போது காய் முடிந்திருக்கும்.

திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தார்கள். விளைவித்தவரே நேரடியாக விற்க வேண்டும். கடைக்கு வாடகை கிடையாது, கமிஷன் கிடையாது, தராசு சந்தையிலேயே தருவார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடவும், வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி தினமும் விலை வைத்துப் பலகையில் எழுதுவார்கள். இதற்கெல்லாம் நுழைவுச்சீட்டு, படம் ஒட்டிய உழவர் அடையாள அட்டை. பி.எம். கிசான் எண்ணைக் காட்டினால் உள்ளே விடமாட்டார்கள். அது வேறு, இது வேறு.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது தேதியில். அட்டை கொடுக்கும் முன் அலுவலர் காட்டுக்கு வந்து நிற்கும் பயிரைப் பார்க்க வேண்டும். காய் பறித்துவிட்டு ஓடினால் பார்க்க ஒன்றும் இருக்காது. வெண்டை விதைத்து 45 நாளில் காய்க்கு வரும், 100 நாளுக்குள் ஓய்ந்துவிடும். ஆகவே 20, 25-ஆம் நாளிலேயே மனுவைக் கொடுங்கள். கத்தரி என்றால் நட்ட மூன்றாவது வாரம். கீரை 25, 30 நாளில் முடிகிற பயிர். அதை மட்டும் வைத்து அட்டை கேட்டால் தாள் நகர்வதற்குள் பாத்தி காலியாகிவிடும். பக்கத்தில் கத்தரியோ மிளகாயோ நின்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

முதலில் போக வேண்டிய இடம் சந்தைக்குள்ளேயே இருக்கும் நிர்வாக அலுவலர் அறை. படிவம் அங்கே. நேரே வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குப் போனால், காய்கறி தோட்டக்கலைத் துறை என்று அங்கே அனுப்புவார்கள். அவர்கள் கிராம நிர்வாக அலுவலர் சான்று எங்கே என்பார்கள். அவரோ இரண்டு ஊருக்குப் பொறுப்பு, இன்றைக்கு அந்த ஊரில் இருப்பார். ஒரு வாரம் போச்சு. படிவத்தோடு சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற பதிவு), அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு), ஆதார், குடும்ப அட்டை நகல்கள், போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரே கவரில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சிட்டாவை அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். அதற்கு யாருக்கும் நூறு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

அடங்கலைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர் என்று நான்கையும் பாருங்கள். காட்டில் வெண்டை நிற்கும், தாளில் போன வருஷத்துச் சோளம் இருக்கும். சில தாளில் ‘தரிசு’ என்றே இருக்கும். வயலுக்குப் போகாமல் மேசையில் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் வரும். அந்தத் தாளோடு போனால் தோட்டக்கலை அலுவலர் திருப்பி அனுப்புவார், அவரைக் குறை சொல்ல முடியாது. பரப்பு ஹெக்டேரில் இருக்கும்: 0.20.0 என்றால் 20 ஏர் (100 ஏர் ஒரு ஹெக்டேர்), ஏறக்குறைய 50 சென்ட். இதை 20 சென்ட் என்று படிவத்தில் எழுதிக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

பரப்பு ஏன் முக்கியம் என்றால், அதை வைத்துத்தான் எவ்வளவு காய் வரும் என்று கணக்குப் போடுவார்கள். 50 சென்ட் வெண்டையில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால், நல்ல காய்ப்பில் ஒரு பறிப்புக்கு 100 கிலோ சுமாருக்கு வரும். தினமும் 300 கிலோ இறக்கினால் வியாபாரிக் காய் என்று பிடிப்பார்கள். பரப்பைக் குறைத்து எழுதினால் உங்கள் சொந்தக் காய்க்கே நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

பட்டா அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கிறதா? பாதி ஊருக்கு இதுதான் நிலைமை. “முதலில் பட்டா மாற்றிக்கொண்டு வாங்க” என்பார்கள். அது வாரிசுச் சான்று, உட்பிரிவு, சர்வேயர் என்று வருஷக்கணக்கில் இழுக்கும், அதற்காக இந்தப் பருவத்தை விடாதீர்கள். பட்டா மாற்றத்துக்குத் தனியே மனு போடுங்கள். இங்கே கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்க வேண்டியது, இந்த சர்வே எண்ணில் இத்தனை ஏரில் இன்னார் இந்தப் பயிர் சாகுபடி செய்கிறார் என்ற சான்று மட்டும். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகளிடம் ஒரு வெள்ளைத்தாளில் ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பங்குனியில் சம்மதித்தவர் சித்திரையில் சண்டையில் இருப்பார்.

குத்தகைக்கு ஓட்டுகிறவர்களுக்குத்தான் அதிகக் கஷ்டம். 1969-ஆம் வருடக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தில் பதிந்தவரிடம் தாள் இருக்கும். பலருக்கு எல்லாமே வாய்ப்பேச்சு. ‘குத்தகை’ என்று எழுதினால் நிலம் போய்விடுமோ என்று நிலக்காரர் பயந்து கையெழுத்துப் போடமாட்டார். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, இந்தப் பருவத்தில் இவர் காய்கறி பயிர் செய்கிறார் என்று மட்டும் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். பல பேர் அதற்கு இறங்கி வருவார்கள்.

அலுவலர் காட்டுக்கு வரும் நாளில் வெண்டையை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். வரப்போரத்து அவரை, கிணற்றடி வாழை, இரண்டு முருங்கை, கறிவேப்பிலை, தென்னை எல்லாவற்றையும் காட்டி எழுதச் சொல்லுங்கள். எழுதாத காய் சந்தையில் உங்களுடையது இல்லை. முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுபோனதற்காக மொத்தச் சாக்கையும் திருப்பி அனுப்பிய கதைகள் உண்டு. பயிர் மாறும்போது மறுபடி போய்ச் சேர்க்க வேண்டும்.

அதேபோல, விற்கப்போவது யார்? பட்டா கணவர் பேரில், சந்தைக்குப் போவது மனைவி, இதுதான் நடப்பு. மனைவி, மகன், மகள் என்று யார் போகக்கூடுமோ அவர்கள் பெயரையும் படத்தையும் விண்ணப்பத்திலேயே கொடுங்கள். கூலிக்கு ஆள் வைத்து விற்க முடியாது. அட்டையை மாசம் இவ்வளவு என்று வியாபாரிக்கு விட்டால் அட்டையே ரத்தாகும். அந்தக் கூட்டத்தால்தான் உண்மையான விவசாயியை இத்தனை கேள்வி கேட்கிறார்கள்.

மனு கொடுத்த அன்றே நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். “ஒப்புகை எல்லாம் தர்றதில்லை” என்றால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். அந்த ரசீது போதும். இரண்டு வாரம் கழித்தும் ஆய்வுக்கு யாரும் வரவில்லையென்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் எழுந்து சொல்லுங்கள். முதல்வர் உதவி எண் 1100-க்கும் கூப்பிடலாம். “பயிர் இன்னும் இத்தனை நாளில் முடிகிறது” என்று மனுவிலேயே தேதி போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனுவில், என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யாரிடம் போனது, இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் என்பதால் வெண்டைக்கு உதவாது, கத்தரிக்கு உதவும்.

அட்டை வந்த பிறகு ஒன்று. இது உங்கள் கடை என்று எந்தக் கடையும் நிலையாக இல்லை. விடிவதற்கு முன்பே போனால்தான் கேட்டுப் பக்கத்தில் நல்ல கடை கிடைக்கும். பலகை விலைக்கு மேல் விற்கக் கூடாது, குறைத்து விற்கலாம். துப்புரவு, தராசு என்று யாராவது கை நீட்டினால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.