மாரியில் வெளுக்கும் லக்கர்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மாணவர் படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார். ஜப்பானின் ஐச்சி டி3ஏ குண்டுவீச்சு விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி, 1:72 அளவு. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தவை இந்த வகை விமானங்கள்தாம். கப்பல் இன்னும் 50 மீற்றருக்குக் கூடிய ஆழத்தில் அங்கேயே கிடக்கிறது. நம்ம கடலில் நடந்ததைத் தேடிப் பிடித்துச் செய்திருக்கிறார், நல்ல பிள்ளை. கார்த்திகை மழை சற்று விட்ட நேரத்தில் கடைசிப் பூச்சாகப் பளபளப்பு லக்கரை ஸ்பிரே பண்ணியிருக்கிறார். காயக் காய, எஞ்சினை மூடும் கறுப்புப் பகுதி சாம்பல் படிந்ததுபோல வெளுத்துவிட்டது. "சேர், எல்லாத்தையும் சுரண்டித்தான் எடுக்கணுமா?"

தேவையில்லை. சாண்ட் பேப்பரைத் தொடவே வேண்டாம்.

ஆவியாகும் திரவம் வெப்பத்தை உறிஞ்சும், காற்று பனிபடுநிலைக்குக் கீழே குளிர்ந்தால் நீர் படியும். இவை பள்ளிக்கூடத்தில் படித்தவை. மாரிகாலத்தில் நம்ம பக்கத்துக் காற்று 27 பாகை, சாரீரப்பதன் 85 வீதம் என்று வைத்துக்கொள்வோம். பனிபடுநிலை ஏறத்தாழ 24 பாகை. பூச்சு மூன்று பாகை குளிர்ந்தால் போதும், அதன்மேல் நீர் படியத் தொடங்கும். கச்சான் காற்று வீசும் காலத்தில் 32 பாகையும் 55 வீதமும் என்றால் பத்துப் பாகை குளிர வேண்டும். அதே லக்கர் ஆடியில் கண்ணாடிபோலக் காய்வதற்கு இதுதான் காரணம்.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஈரத்துணியும் ஆவியாகிக் குளிர்கிறதே, அதன்மேல் ஏன் பனி படிவதில்லை? நீர் ஆவியாகும்போது காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீராவி அதற்குத் தடை போடுகிறது. குளிரக் குளிர ஆவியாதல் மந்தமாகி, பனிபடுநிலைக்கு மேலேயே நின்றுவிடும். பள்ளி ஆய்வுகூடத்து ஈரக்குமிழ் வெப்பமானி காட்டுவது இந்த எல்லையைத்தான். ஆனால் லக்கரை நீர்க்கச் செய்யும் தின்னரில் இருக்கும் அசற்றோன் என்ற கரைப்பானுக்கு அந்தத் தடை இல்லை. காற்றில் அசற்றோன் ஆவி கிடையாது. எவ்வளவு ஈரமான நாளானாலும் அதற்கு அது வறண்ட காற்றுத்தான். ஆகவே அது விறுவிறுவென்று பறந்து, பூச்சைப் பனிபடுநிலையையும் தாண்டிக் கீழே இழுத்துப்போகிறது. காற்றிலுள்ள நீர் அந்த ஈரப் பூச்சில் இறங்கி, லக்கரோடு கரைய முடியாமல் நுண்துளிகளாக மாட்டிக்கொள்கிறது.

பிறகு அந்த நீரும் காய்ந்து போகும். வெள்ளை போகுமா? போகாது, பல வேளை கூடும். துளி இருந்த இடத்தில் இப்போது காற்றுக் குழி. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் முறிவுச் சுட்டி லக்கருக்குச் சுமார் 1.5, நீருடையது 1.33, காற்றுடையது 1. வித்தியாசம் கூடக் கூட ஒளி அதிகமாகச் சிதறும். எல்லா நிறமும் சேர்ந்து சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. தெளிவான கற்கண்டை இடித்தால் வெள்ளைப் பொடியாவதும் இதனால்தான். உள்ளே வெள்ளை நிறம் என்று ஒரு பொருளும் கிடையாது.

எனவே குழிகளை மூடினால் போதும். லக்கர் காய்வது என்பது கரைப்பான் பறந்து, நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக் கிடப்பது மட்டுமே; அவற்றுக்கிடையே புதிய இரசாயனப் பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை. மீண்டும் கரைப்பான் பட்டால் மீண்டும் இளகும். மழை இல்லாத நண்பகலில், மெதுவாக ஆவியாகும் தின்னரை (கடையில் ரிட்டார்டர் என்று கேளுங்கள்) மிக மெல்லிய புகாராக ஒரு தடவை விசிறுங்கள். மேற்பரப்பு ஈரமாகப் பளிச்சிடும், சங்கிலிகள் நழுவும், குழிகள் மூடும், மேற்பரப்பு இழுவை எல்லாவற்றையும் சமப்படுத்தும். வெண்மை பின்வாங்கி, அடியிலிருந்து கறுப்பு எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தின்னர் மெதுவாகப் பறப்பதால் இந்த முறை பூச்சு அவ்வளவு குளிராது. கூடுதலாக அடித்துவிடாதீர்கள், தின்னர் பிளாஸ்டிக்கையே கரைக்கும். சன்னலைத் திறந்து, முகக்கவசத்தோடு செய்யுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம்.

மாரியில் ஓட்டோவுக்கோ அலுமாரிக்கோ அடித்த பெயின்ற் இப்படி வெளுத்தால் நாவூறு என்று எலுமிச்சம்பழம் வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழத்தின் காசை ஒரு சின்ன ஈரப்பதமானிக்குச் சேர்த்து வைத்தால், எந்த நாளில் அடிக்கலாம் என்று அதுவே சொல்லும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழ்கிறோம். இந்த ஈரத்தில் பூச்சுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை ஆராய வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் ஒதுக்குவது வீண்செலவு ஆகாது. படகு, கதவு, தளபாடம் எல்லாவற்றுக்கும் அது உதவும்.

இனாமல் பெயின்றுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அது ஒட்சிசனோடு சேர்ந்து சங்கிலிகளைப் பிணைத்தே இறுகுகிறது. இறுகினால் கரையாது, தேய்த்துத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.

மாணவரின் படத்தில் சிறகின் சிவப்பு வட்டத்தைச் சுற்றியும் ஒரு வெள்ளி மினுக்கம் தெரிகிறது. அதுவும் சிதறல்தான், ஆனால் காற்று மாட்டியிருப்பது ஸ்டிக்கருக்கு அடியில். அங்கே தின்னர் பட்டால் ஸ்டிக்கர் சுருங்கிவிடும் என்பதால் முதலில் அதை மறைத்துக்கொள்ளுங்கள். மினுங்கும் இடத்தில் ஊசியால் சில துளைகள் குத்தி, ஸ்டிக்கரை இளக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டால், அது உள்ளே ஊறி, இளகிய ஸ்டிக்கர் பூச்சோடு படிந்துவிடும்.