ஸ்கிப்: தாவலும் இல்லை, தவிர்ப்பும் இல்லை

குளிர்கால ஒலிம்பிக் வந்தால் போதும், கர்லிங் செய்திகளில் ‘தவிர்ப்பு வீரர்’ எட்டிப் பார்த்துவிடுவார். கர்லிங் அணியை வழிநடத்துபவருக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்கிப்’ என்று இருப்பதை மொழிபெயர்ப்பு இயந்திரத்திடம் கொடுத்து, வந்ததை அப்படியே ஒட்டினால் இதுதான் கிடைக்கும். சில நாள் ‘தாவுபவர்’ வருவார். கிட்டத்தட்ட 20 கிலோ கருங்கல்லைப் பனித்தளத்தில் வழுக்கவிடும் ஆட்டத்தில் பாண்டி ஆடுவது யார்?

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டச்சு மொழியில் ‘ஸ்கிப்’ என்றால் கப்பல். அதைச் செலுத்துபவர் ‘ஸ்கிப்பர்’. அது ஆங்கிலத்துக்குப் போய், ஸ்காட்லாந்துக்காரர்களின் பனி ஆட்டத்தில் வால் அறுபட்டு ‘ஸ்கிப்’ ஆனது. தாவுவதைக் குறிக்கும் ‘ஸ்கிப்’புக்கு வேர் வேறு; ஒலி ஒன்றாக இருப்பதோடு உறவு முடிந்தது.

இயந்திரத்தை விடுங்கள். படித்தவர்கள் எழுதும் ‘அணித்தலைவர்’தான் எனக்கு உறுத்துகிறது. தப்பு என்று தள்ளிவிட முடியாது, அதனால்தான் ஆபத்து. அணித்தலைவர் என்றதும் நம் மனத்தில் வருவது கிரிக்கெட்: நாணயம் சுண்டுவது, பந்துவீச்சாளரை மாற்றுவது. ஸ்கிப்பின் வேலை ஒவ்வொரு கல்லிலும் இருக்கிறது. கல்லை விடுபவர் ஒரு கோடியில். சுமார் 38 மீட்டர் தள்ளி, மறுகோடியில் இருக்கும் இலக்கு வட்டத்துக்குள் ஸ்கிப் நிற்பார். எந்தக் கல்லை மோத வேண்டும் என்று துடைப்பத்தால் தட்டிக் காட்டுவார். பிறகு அதே துடைப்பத்தைப் பனியில் ஊன்றி, ‘இதைப் பார்த்து விடு’ என்பார். கையை ஒரு பக்கம் நீட்டினால், கல்லை எந்தப் பக்கம் சுழற்றி விட வேண்டும் என்று பொருள்.

துடைப்பம் ஊன்றிய இடத்துக்குக் கல் வந்து சேராது என்பதுதான் இதில் சூட்சுமம். சுழன்று வரும் கல் போகப்போக வளையும். வேகம் குறையக் குறைய இன்னும் வளையும். ஒரு மீட்டருக்கு மேலேயே விலகலாம். அந்த வளைவை முன்கூட்டியே கணக்கிட்டுத் துடைப்பத்தைத் தள்ளி வைக்க வேண்டும். குறைவாகத் தள்ளி வைத்தால் கல் அதிகம் வளைந்து முன்னால் நிற்கும் காவல் கல்லில் இடிக்கும். அதிகமாகத் தள்ளி வைத்தால் வளைந்து முடிப்பதற்குள் இலக்கைத் தாண்டிவிடும். கல் வரும் வழியில் பனியைத் துடைப்பத்தால் தேய்க்கும் அணியினரிடம் ‘தேய், தேய்’ என்று கத்துவதும் பெரும்பாலும் இவர்தான். தேய்ப்பவர்கள் கல்லின் வேகத்தைப் பார்ப்பார்கள். திசையைப் பார்ப்பது ஸ்கிப். அரை நொடி தாமதமாகக் கத்தினாலும் கல் வளைந்து முடிந்திருக்கும், பிறகு தேய்த்துப் பயனில்லை.

காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டு, துறைக்கு நேராகச் செலுத்தாமல் தள்ளிச் செலுத்தித் துறை சேர்ப்பவரின் வேலை இது. அதற்குத் தமிழில் பழைய சொல் இருக்கிறது: மீகாமன். பெண்கள் அணிக்கும் பொருந்தும்படி ‘மீகாமர்’ என்று எழுதலாம். வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்களில் ‘தண்டையல்’ என்றார்கள். அதுவும் நல்ல சொல்தான், ஆனால் கடற்கரைக்கு வெளியே அறிந்தவர் குறைவு.

‘கடைசிக் கல் வீரர்’ என்று ஒரு பரிந்துரையும் உண்டு. ஸ்கிப்பே கடைசி இரண்டு கல்லை விடுவது வழக்கம், விதி அல்ல. சுவிட்சர்லாந்தின் சில்வானா டிரின்சோனி தன் அணியில் ஸ்கிப்பாக இருந்தவர். கடைசிக் கற்களை விட்டவர் அலினா பேட்ஸ். இனி ‘துணை ஸ்கிப்’புக்கு வருவோம். ‘துணை அணித்தலைவர்’ என்றால் தலைவருக்குக் காயம் பட்டால் வருபவர் என்று தோன்றும். உண்மையில், ஸ்கிப் கல்லை விடப் போகும் ஒவ்வொரு முறையும் வட்டத்தில் நின்று துடைப்பம் பிடிப்பவர் அவர். துணை மீகாமர் என்றால் சரியாக உட்காருகிறது.

இந்தச் சொற்கள் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கர் ஜான் ஷஸ்டரின் வரலாறே போதும். 2006 டூரினில் வெண்கலம் வென்ற அணியில் அவர் ‘லீட்’. இதை ‘முன்னணி வீரர்’ என்று எழுதினால் அணியின் நட்சத்திரம் என்று வாசகர் நினைப்பார். லீட் என்றால் முதல் இரண்டு கல்லை விடுபவர், அவ்வளவுதான். அந்த அணியின் மீகாமர் பீட் ஃபென்சன். 2010 வான்கூவரில் ஷஸ்டர் மீகாமர் ஆனார். தொடர்ந்து தோற்றதும் நடுவிலேயே அவரை வெளியே உட்கார வைத்தார்கள். ‘தவிர்’ என்ற சொல் அவருக்குப் பொருந்தியது அந்த ஒரு சமயம்தான். முடிவில் இரண்டு வெற்றி, ஏழு தோல்வி. 2014 சோச்சியிலும் அதே கணக்கு. அதன்பின் தேசியப் பயிற்சித் திட்டத்தில் இடம் கிடைக்காமல், தன்னைப் போல ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்த்து அணி கட்டினார். 2018 பியோங்சாங்கில் அந்த அணிதான் அமெரிக்காவுக்கு முதல் கர்லிங் தங்கத்தைக் கொண்டுவந்தது.

மற்ற சொற்களிலும் இதே அலட்சியம். ‘எண்டு’ என்பது சுற்று. அதை ‘முடிவு’ என்கிறார்கள். ‘ஹேமர்’ என்பது ஒரு சுற்றில் கடைசிக் கல்லை விடும் உரிமை, ‘சுத்தியல்’ என்கிறார்கள். துடைப்பம் கையில் இருக்கிறதே என்று ‘பெருக்குதல்’ என்கிறார்கள். குப்பை அள்ளவா அது? பனியை வேகமாகத் தேய்த்துச் சற்றே சூடாக்கினால் உராய்வு குறையும். கல் கூடுதல் தூரம் போகும், வளைவதும் குறையும். தேய்ப்பு என்பதே சரி.

2018 இறுதி ஆட்டத்தை இயந்திரம் இப்படித் தரும்: ‘எட்டாவது முடிவில் சுத்தியலுடன் தவிர்ப்பவர் ஐந்து எடுத்தார்.’ தமிழில் எழுதினால்: ஸ்வீடனுடன் 5-5 என்று சமநிலை, எட்டாவது சுற்று, கடைசிக் கல் அமெரிக்காவுக்கு, மீகாமர் ஷஸ்டர் ஒரே கல்லில் எதிரணியின் இரண்டு கற்களை வெளியே தள்ள, ஐந்து புள்ளி. ஆட்டம் 10-7 என முடிந்தது.