கார்ட்டிசோலுக்கும் ஒரு கவர்னர்

"மூணு தடவை படிச்சிட்டேன் மாமா, மண்டையில நிக்க மாட்டேங்குது." முதலாண்டு எம்பிபிஎஸ் படிக்கும் அக்கா மகன், மண்டபம் ஊரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னான். சோம்பேறி இல்லை. அப்பாவோடு கடலுக்குப் போய்வந்துகொண்டே பிளஸ் டூ முடித்தவன்.

மீன்பிடித் தடைக்காலம். மச்சான் விசைப்படகின் டீசல் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். அதில் கவர்னர் என்று ஒன்று உண்டு. வேகம் எகிறினால் அதுவே டீசலைக் குறைத்துவிடும். உடம்பிலும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான்.

வைவா (வாய்மொழித் தேர்வு) என்றதும் மூளையின் அடியிலிருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி அட்ரீனலுக்குச் சொல்லும். சிறுநீரகங்களின் மேல் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனைச் சுரக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும், விழிப்பு கூடும். இதில் தப்பில்லை, கொஞ்சமாவது பதற்றம் இல்லாமல் யார் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்? அப்புறம் அதே கார்ட்டிசோல் மூளைக்குப் போய் 'போதும்' என்று சொல்லிச் சுரப்பை அடக்கும்.

அந்தப் 'போதும்' போய்ச் சேரும் இடங்களில் ஒன்று மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. புதிதாகப் படிப்பதைப் பதிய வைப்பதும் அதுதான். சிக்கலே இங்கேதான். டெஸ்ட், ரெக்கார்டு நோட்டு, டிசெக்‌ஷன் என்று மாதக்கணக்கில் அழுத்தம் தணியாமல் இருந்தால் ஹிப்போகாம்பஸ் மந்தமாகிவிடலாம். நினைவும் தடுமாறும், கவர்னரும் சரியாகப் பிடிக்காது. பகலில் படித்ததை மூளை தூக்கத்தில்தான் கெட்டிப்படுத்துகிறது. இவனோ மார்க் குறையக் குறையத் தூக்கத்தைக் குறைத்திருக்கிறான்!

இதன் முற்றிய நிலைக்குத்தான் பர்ன்அவுட் என்று பெயர். 1974இல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் இதைப் பற்றி எழுதினார். தீராத களைப்பு, வேலையிலிருந்து மனம் விட்டுப்போதல், நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் அடையாளமாகச் சொல்கிறது. ஆனால் இதை நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்து அழுத்தத்தால் வருவது என்கிறது. மாணவனுக்குப் படிப்புதானே வேலை? ரத்தப் பரிசோதனையிலும் இது பிடிபடாது. சிலருக்குக் கார்ட்டிசோல் கூடியிருக்கும், சிலருக்குக் குறைந்திருக்கும்.

மூன்றில் எனக்குப் பயம் தருவது இரண்டாவது. மனம் விட்டுப்போனவனுக்கு வார்டில் படுத்திருப்பவர் ஆளாகத் தெரியமாட்டார், வெறும் பெட் நம்பராகத்தான் தெரிவார்.

அந்த நிலைக்குப் போகுமுன் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416 இருக்கிறது, கட்டணமில்லை. அதையும் சொன்னேன்.

"ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி எல்லாம் எங்க பாடத்துலயே இருக்கு மாமா" என்றான். "ஆனா அது நிக்கல."